எட்டுப் பெட்டிக்கு ஒரு முதலாளி

அத்தியாயம் 14

காலையிலேயே காம்பவுண்டுச் சுவரோரம் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கம்பெனி பஸ்ஸுக்காக அல்ல, சிக்னலுக்காக. ஆளுக்கொரு கையைத் தூக்கி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் லாரி யார்டின் தகரக் கூரை, எதிரே குடோன். நடுவில் மாட்டிக்கொண்ட சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலுக்குள் மொபைல் சிக்னல் எட்டிப் பார்த்ததே கிடையாது. எல்லாம் வைஃபையில்தான் ஓடியது.

அந்த வைஃபையைத்தான் நேற்றுச் சாயங்காலம் இசக்கி அணைத்துவிட்டான். தன்னுடைய இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் அல்ல. அண்ணன் மாரிமுத்துவின் கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் மட்டும்.

வாசல் போர்டில் யார் பெயர் மேலே இருப்பது என்று போன வாரம் கிளம்பிய சண்டை இங்கே வந்து நின்றது.

வேறு நாளாக இருந்தால் பெண்கள் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பரீட்சை. ஷிப்டு ஷிப்டாகக் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கம்பெனி சேர்த்துவிட்ட டிப்ளமோ படிக்கிறவர்கள். கடைசி செமஸ்டர். போனிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு வருஷம் போயிற்று.

கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீஸர் பராசரன் அதற்கு மேலேயும் ஒன்றைச் சொல்லியிருந்தார். எந்த மாடியில் பரீட்சை நின்றுபோகிறதோ, அந்த மாடிப் பெண்களை மறுநாளே வேறு ஹாஸ்டலுக்கு மாற்றிவிடுவார்கள். பெண்கள் போனால் ஹாஸ்டல் இல்லை. மாரிமுத்துவும் அவன் மனைவி எழிலரசியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டியதுதான்.

"ஒரு வார்த்த கேட்டாத்தான் என்ன? உங்க தம்பிதானே," என்றாள் எழிலரசி.

"எவன் தம்பி?" மாரிமுத்து பல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "அவன்ட்டப் போயி நான் கைகட்டி நிக்கணுமாங்கும்? அதுக்குத்தான அவன் அமத்தி வச்சிருக்கான்."

"அப்ப நம்ம புள்ளைங்க என்ன செய்யும்?"

"நீ படிச்சவதானளா. என்னமாச்சும் பண்ணு."

துப்பிவிட்டு உள்ளே போய்விட்டான்.

எழிலரசி பண்ணத்தான் ஆரம்பித்திருந்தாள். விடியும்போதே.

கல்யாணத்துக்கு முன்பு ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் ஷிப்டு பார்த்தவள் அவள். இந்தக் கட்டடத்தின் எட்டு வைஃபை பெட்டிகளையும் மாட்டியவளும் அவள்தான். மாடிக்கு இரண்டு, கூரையில் தட்டைக் கவிழ்த்து ஒட்டியது போல இருக்கும். அந்தப் பெட்டிகளுக்குச் சொந்த புத்தி கிடையாது. என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு, எரிவதா அணைவதா, எல்லாவற்றையும் கண்ட்ரோலர் என்ற ஒரு மென்பொருள் சொல்ல வேண்டும். சொன்னதைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். அந்தக் கண்ட்ரோலர் இருந்தது ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில்.

அண்ணனும் தம்பியும் ஹாஸ்டலைப் பங்கு பிரித்த அன்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் மெஸ் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக ஜோடி போட்டார்கள். கட்டிலுக்குக் கட்டில், பீரோவுக்குப் பீரோ. கம்ப்யூட்டருக்கு ஜோடி இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு கிரைண்டரை எதிரே வைத்தார்கள். மாரிமுத்து கிரைண்டரை எடுத்துக்கொண்டான். சமையல் கீழே நடக்கிறதே!

"அந்த கம்ப்யூட்டர்லதான்..." என்று எழிலரசி வாயைத் திறந்தாள்.

"ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்லா," என்றான் மாரிமுத்து.

அவள் மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர் மாடியேறியது. கூடவே எட்டுப் பெட்டியின் குடுமியும் ஏறியது.

அதோடு விட்டார்களா? வல்லக்கோட்டைக்குப் போய் முருகன் சந்நிதிக்கு வெளியே சூடம் ஏற்றி, இருவரும் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்கள். இவன் மாடியில் அவன் கால் வைப்பதில்லை, அவன் தளத்தில் இவன் கால் வைப்பதில்லை. மறுநாளே இசக்கி வெளிச்சுவரில் இரும்புப் படி வெல்டிங் வைத்து நேராக இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிட்டான்.

ஆபீஸ் ரூமில் இப்போது எழிலரசியின் முன்னால் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். கம்பெனி கழித்துப் போட்டதை எப்போதோ வாங்கி வைத்தது. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, புதிதாக ஒரு கண்ட்ரோலர் நிறுவிக்கொண்டிருந்தாள்.

மதியம் வரை அது நிறுவ விடவில்லை. கண்ட்ரோலருக்கு அடியில் ஒரு டேட்டாபேஸ் ஓட வேண்டும். லினக்ஸ் தானாகக் கொடுத்தது புதிய பதிப்பு. கண்ட்ரோலர் கேட்டதோ பழையது. தொடங்கும், சிவப்பில் நாலு வரி எழுதும், செத்துப்போகும். புதியதைப் பிடுங்கிப் போட்டாள். பழையதைத் தேடினாள். தன் போன் நெட்டைப் போட்டுக்கொண்டு காம்பவுண்டுச் சுவரோரம், அந்தப் பெண்களோடு நின்று, விட்டு விட்டு வந்த சிக்னலில் அதை இறக்கிக்கொண்டு வந்தாள்.

மறுபடியும் தொடங்கினாள். இந்த முறை சாகவில்லை. ஓடுகிறது என்று பச்சையில் ஒரு வார்த்தை வந்தது.

ஆனால் திரையில் ஒரு பெட்டிகூட வரவில்லை.

ஏன் வரும்? எட்டும் மேலே இருக்கும் கம்ப்யூட்டரை முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தன. பழைய முதலாளியை மறக்க வைக்க ஒரே வழி, பெட்டியின் முதுகில் இருக்கும் ஊசி முனை ஓட்டைக்குள் குத்தி அழுத்த வேண்டும். எழிலரசி ஸ்டூலைப் போட்டு மெஸ் ஹால் பெட்டியைக் கழற்றினாள். சேஃப்டி பின்னை நேராக்கிக்கொண்டு ஓட்டையைத் தேடினாள்.

ஓட்டை இல்லை.

அந்த இடத்தில் காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் கல்லாக இறுகியிருந்தன.

"கிளியம்மாக்கா!"

சமையல்கட்டிலிருந்து கிளியம்மாள் கரண்டியோடு வந்தாள். இந்த ஊர்க்காரி.

"இன்னாமே இப்டி கத்தற?"

"இதுக்கு யாரு சந்தனம் வச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வெச்சனே. மிக்சி, கிரைண்டர், மோட்டாரு. கிளீன் பண்ண எட்டையும் கழட்டிக் கீழ வெச்சிருந்தாங்கோ. இதும் மெசின்தானேன்னு வெச்சேன்."

"சரியா ஓட்டை மேலயாக்கா வைப்பீங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? அந்த எடந்தான் பொட்டு வெக்க சொல்ல குழியா கீது."

பின் முனை சந்தனத்துக்குள் பாதி இறங்கி முறிந்தது. முறிந்த துண்டு உள்ளேயே நின்றுகொண்டது. மற்ற ஏழும் இதே கதைதான்.

எழிலரசி பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வாசலில் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  

அப்போதுதான் கரண்ட் போனது.

மேலே மூன்றாம் மாடியில் யாரோ "போச்சு!" என்று கத்தினாள். கீழே இன்வெர்ட்டர் கிர்ரென்று எடுத்துக்கொண்டது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும், பெட்டிகளின் நெட் ஒயரெல்லாம் வந்து சேரும் ஸ்விட்சும் அந்த இன்வெர்ட்டரில்தான் ஓடியது. எட்டுப் பெட்டிக்கும் கரண்ட் போவது அந்த ஸ்விட்சின் ஒயர் வழியாக. பெட்டிகள் அணையவில்லை. அணைந்தது இசக்கியின் கம்ப்யூட்டர் மட்டும்.

எழிலரசிக்குப் பளிச்சென்று பட்டது. எட்டுப் பெட்டிகளும் இப்போது அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியில், ஆள் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

பழைய கண்ட்ரோலரின் நகல் கோப்பு ஒன்று அவளுடைய மெயிலில் கிடந்தது. பங்கு பிரிப்பதற்கு ரொம்ப நாள் முன்பு எடுத்தது. பெட்டிகளின் சாவியும், எட்டும் எரிய வேண்டும் என்ற பழைய கட்டளையும் அதற்குள் இருக்கும். சுவரோரம் ஓடிப்போய் அதைப் போனில் இறக்கி வந்து, புதிய கண்ட்ரோலரில் ஏற்றினாள். தன் கம்ப்யூட்டருக்கு இசக்கி கம்ப்யூட்டரின் அந்தப் பழைய முகவரியையே கொடுத்தாள். ஃபயர்வால் என்ற காவல் சுவரில் பெட்டிகள் பேசும் கதவைத் திறந்துவிட்டாள்.

ஒன்று வந்தது. இரண்டு, மூன்று. அப்புறம் எட்டும் மொத்தமாக வந்து நின்றன.

முதல் மாடியிலிருந்து ஒரே கூச்சல். "வந்திருச்சு! நெட்டு வந்திருச்சு!"

மாரிமுத்து பனியனோடு ஓடி வந்தான். "ஏளா, எம்புட்டுப் பெரிய ஆளு நீ!" வாயெல்லாம் பல்.

எழிலரசி சிரிக்கவில்லை. திரையில் எட்டு இருந்தது. நாலுதான் அவர்களுடையது. மற்ற நாலு இசக்கியின் பங்கு. அடுத்தவன் பங்கு தன் மடியில் விழுந்து கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. மேல்மாடிப் பெட்டிகள் நாலையும் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்று கொடுத்தாள். அவனுடையது அவனுக்கே போகட்டும்.

அங்கேதான் தப்பு செய்தாள்.

நீக்கினால் பெட்டி பழைய முதலாளியிடம் திரும்பிப் போகாது. எல்லாவற்றையும் மறந்து, கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி வெறும் பெட்டியாகிவிடும். ஷிப்டு பார்த்த காலத்தில் இது அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் சாம்பாருக்கு அளவு சொல்லியே மறந்துபோயிருந்தாள்.

கரண்ட் வந்தது. மேல்மாடியில் ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. வைஃபை வரவில்லை. இசக்கியின் கம்ப்யூட்டர் எழுந்து பார்த்தது. தன் முகவரியில் வேறு ஆள் குடியிருப்பதைக் கண்டு ஒரு மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

இரும்புப் படி தடதடவென்று அதிர்ந்தது.

இசக்கி கடைசிப் படியில் வந்து நின்றான். தரையில் கால் வைக்கவில்லை. ஆபீஸ் ரூம் ஜன்னல் அவனுக்குக் கை எட்டும் தூரம்.

"மதினி! என் மாடிய என்ன செஞ்சிய?"

"இசக்கி, நான் வேணும்னு..."

"நீ பேசாத." மாரிமுத்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றான். தம்பியிடம் நேராகப் பேசவில்லை, சுவரிடம் பேசினான். "நேத்து ஒருத்தன் அமத்துனான்லா? இன்னைக்கு அவனுக்கு அமந்திருச்சு. அம்புட்டுதான்."

"நான் அமத்துனது உமக்கு. நீரு புள்ளைங்க படிப்புல கை வைக்கீரு!"

"நேத்து என் மாடில இருந்ததும் புள்ளைங்கதானல?"

"ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா அந்த நிமிசமே போட்டிருப்பேன்."

"நீ வந்து கேளேன் இப்ப."

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்பதா? அதற்கு நாக்கு அறுந்து விழலாம்.

இசக்கியின் முதுகுக்குப் பின்னால் படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். சுகப்பிரியா. மூன்றாம் மாடி, தூத்துக்குடிக்காரி. குளித்த தலையைத் துண்டில் சுற்றியிருந்தாள். ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து தூங்காமல் படித்த கண்.

"அக்கா, இந்தப் பேப்பர் எனக்கு ரெண்டாவது தடவ. இன்னைக்கும் விட்டா வீட்ல கூப்ட்டுக்குவாங்க. அடுத்த மாசம் தட்டு மாத்த நாள் பாத்து வச்சிருக்காங்க. பாஸாயிட்டா ஒரு வருசம் தள்ளிப்போடுதேன்னு அப்பா சொல்லிருக்கு."

அவள் அழவில்லை. கணக்கு சொல்வது போலச் சொன்னாள்.

எழிலரசி திரையைப் பார்த்தாள். வெறும் பெட்டி நாலும் அங்கே வரிசையாகக் காத்திருந்தன. யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பொத்தான். 'ஏற்றுக்கொள்.'

மாரிமுத்து அவள் தோளுக்கு மேல் குனிந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"தொடாத எழிலு. யோசிச்சுப் பாரு. மேல பரீட்ச நின்னா பராசரன் சாரு அந்தப் புள்ளைங்கள எடுத்துருவாரு. வேற எங்க வைப்பாரு? நெட்டு ஒழுங்கா இருக்க எடத்துலதான். நம்மட்டத்தான் வரும். கட்டடம் மறுபடி ஒண்ணாயிரும். சண்ட இல்ல, பேச்சு இல்ல."

"அந்தப் பொண்ணு?"

"அது அவ தலையெழுத்து."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இசக்கி, பொத்தான அமுக்குனா உன் நாலு பெட்டியும் எழுந்திரும். ஆனா என் கண்ட்ரோலர்லதான் நிக்கும். உன் கம்ப்யூட்டர சரி பண்ண இப்ப நேரமில்ல. அமுக்கவா?"

இசக்கி உதட்டைக் கடித்தான். "அப்ப என் மாடிக்கு முதலாளி நீங்களா? இது அவுரு போட்டுக் குடுத்த திட்டம். வேண்டாம் மதினி. நான் ஆளக் கூப்பிட்டு சரி பண்ணிக்கிடுதேன்."

"எப்ப வருவாரு ஆளு?"

"வருவாரு."

"ஆறு மணிக்குள்ளயா?"

இசக்கி படிக் கைப்பிடியைச் சுரண்டினான்.

எழிலரசி திரைப் பக்கம் திரும்பினாள். அண்ணன் தொடாதே என்கிறான். தம்பி வேண்டாம் என்கிறான். இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது, அடுத்தவன் கெடட்டும் என்பதில் மட்டும்தான்.

"சுகப்பிரியா, மேல போ. எல்லாரையும் கூரையப் பாக்கச் சொல்லு. பெட்டில விளக்கு வெள்ளையா இருக்கும். நீலமா மாறுனதும் கத்து."

மாரிமுத்து அவள் கையைப் பிடித்தான். "ஏளா, சொல்லிட்டிருக்கேன்லா!"

"கைய எடுங்க."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி நம்ம நெட்டையும் சேத்து அமத்திட்டு அந்தச் சுவர் கிட்டப் போயி நிப்பேன். ரெண்டு மாடியும் போகட்டும்."

அவன் கையை எடுத்தான். பயந்து அல்ல. அவளை அப்படி ஒரு குரலில் கேட்டதில்லை, அதனால்.

நாலு முறை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிகள் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது. முதல் மாடிப் பெண்கள் ஏற்கெனவே பரீட்சை இணையதளத்துக்குள் நுழைந்து, பெயர் கொடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். வராந்தாவில் ஒரு சத்தமில்லை. இரும்புப் படியில் இசக்கியின் செருப்பு மட்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. வாட்சைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். ஆளைக் கூப்பிட எடுத்த போனைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான்.

மேலேயிருந்து குரல் வந்தது. "அக்கா! ரெண்டாவது மாடி நீலம்!"

"மூணாவது?"

"ஒண்ணு வந்திருச்சு. பாத்ரூம் பக்கத்துது இன்னும் வெள்ளை!"

"அத விடு. எல்லாரும் வந்த பெட்டிக்கு அடியில உக்காருங்க. கட்டிலெல்லாம் தள்ளுங்க."

கட்டில்கள் தரையில் இழுபடும் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

ஆறு மணி.

பரீட்சை நடந்த நேரம் முழுதும் எழிலரசி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே அதைப் பிடித்துக்கொண்டிருந்த போன்கள் வரிசையாக இருந்தன. மாரிமுத்து கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்தான். அப்புறம் மெஸ் ஹாலில் போய் உட்கார்ந்து போனை நோண்டினான். கிளியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

முடிந்ததும் முதலில் கேட்டது மூன்றாம் மாடி விசில்தான். சுகப்பிரியா இரும்புப் படியில் பாதி இறங்கி, ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மேலே ஓடினாள்.

இசக்கி அங்கேயே உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவும் மனசில்லை, நன்றி சொல்லவும் வாயில்லை. வாட்ஸ்ஆப்பில் அவன் போன் அடித்தது. பராசரன்.

"சார், நல்லா முடிஞ்சுது சார். ரெண்டு மாடியும்..."

"இல்ல இசக்கி, முடியல." பராசரனின் குரல் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "பரீட்சை நடந்துண்டிருக்கும்போதே காலேஜுக்கு ஒரு புகார் வந்திருக்கு. உங்க மேல்மாடிப் பொண்ணுங்க பாத்து எழுதறாங்க, வைஃபைய ஒரே இடத்துலேர்ந்து கையில வெச்சுண்டு விடை அனுப்பறாங்கன்னு. பேர் போடல. ஆனா புகார் உங்க ஹாஸ்டல் நெட் லைன்லேர்ந்தேதான் வந்திருக்கு. மேல்மாடி பேப்பர் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுட்டா. யார் கையில இருந்தது அந்தக் கண்ட்ரோல்?"

இசக்கி ஜன்னலைப் பார்த்தான்.

"மதினி கைல சார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"ஆமா சார்," என்று மெஸ் ஹால் வாசலிலிருந்து மாரிமுத்து சத்தமாகச் சொன்னான். "நானும் சொன்னேன் சார். அவளாத்தான் பண்ணுனா."

பங்கு பிரித்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே பேச்சாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவங்ககிட்ட குடுங்கோ," என்றார் பராசரன்.

இசக்கி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் போனை நீட்டினான். எழிலரசி வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் சார் வச்சிருந்தேன். புகாரு எத்தன மணிக்கு வந்துச்சுன்னு சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"பரீட்ச எழுதுன போன் அம்புட்டும் பரீட்ச சைட்டுல இருந்திருக்கும். அந்த நேரத்துல எழுதாத போன் எதெது இருந்துச்சு, எந்தப் பெட்டில இருந்துச்சு, எல்லாம் இங்க இருக்கும் சார். நேரத்த மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழிலரசி காத்திருந்தாள். கண் திரையில் இருந்தது.

மெஸ் ஹால் பெட்டிக்குக் கீழே இருந்த போன்களில் ஒன்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

அவள் தலையைத் திருப்பினாள். மாரிமுத்து தன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.